இடப்பக்கம்

அக்காவுக்கு இடது காது மட்டும்தான் கேட்கும்.
அதனால் எந்த ஊருக்குப் போனாலும் நான்
அவளுக்கு இடப்பக்கமாக நடப்பவன்.
முப்பத்தொரு வருடமாக இதே உத்தியோகம்.
சம்பளம் கிடையாது. விடுப்பும் எடுத்ததில்லை.

தக்குவாரெம்போவில் நள்ளிரவுப் பேருந்து ஏறி
விடிகிறபோது மொந்தேவிதேயோ.
மருந்துக்கடைச் சாவியை இரண்டு நாளைக்கு
நெல்லியிடம் கொடுத்துவிட்டு வந்தவள்
வழியெல்லாம் தொலைபேசியில்
இருமல் மருந்து எந்தத் தட்டில் என்று சொல்லிக்கொண்டே வந்தாள்.
மாத்தே குடுவையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு
இறங்கியதும், "எங்கடா கடல்?"
கடல் இல்லை சுல்மா, ஆறு.
"அக்கரை தெரியுதா?"
தெரியவில்லை.
"அப்ப கடல்தான்."

முற்பகலில் ஓர் ஓவியக்கூடம்,
இரண்டே அறை, ஒரு காவலாளி, ஒழுகும் கூரைக்கடியில் ஒரு வாளி.
மழையில் நிற்கும் மூன்று மாடுகளின் முன்னால்
அவள் நின்றாள்.
நின்றுகொண்டே இருந்தாள்.
வாளியில் சொட்டும் தண்ணீரை எண்ணிச் சலித்தேன்.
மாடு பார்க்கவா மாட்டூரிலிருந்து
இத்தனை தூரம் வந்தோம் என்றேன்.
"சும்மா இரு வால்டே.
இங்கதான் என் ரெண்டு காதும் ஒண்ணு."

பிறகு அவளிடம் பேச்சுக் கொடுக்கவில்லை,
பசி வந்து என் சட்டையைப் பிடிக்கும்வரை.

சிவீத்தோ என்றால் ஆட்டுக்குட்டி.
அதற்குள் ஆட்டைத் தவிர எல்லாம் இருக்கும்:
மாட்டிறைச்சி, பன்றி, பாலாடைக்கட்டி, தக்காளி,
அதன் மேல் கண் திறந்த ஒரு முட்டை.
கத்தி முள்கரண்டியைத் தள்ளிவிட்டு
இரண்டு கையாலும் எடுத்தாள்.
மஞ்சள்கரு மணிக்கட்டில் இறங்கி
புதுச் சட்டையின் கைக்குள் போனது.
பக்கத்து மேசைக்காரர்கள் பார்த்தார்கள்.
"பாக்கட்டும். காசு நாமதானே குடுக்குறோம்."
கொடுத்தது நான்.

சாயங்காலம் பாரியோ சூர்.
தெருமுனையில் செய்தித்தாள்களைக் கொளுத்தி
முரசுகளைச் சாய்த்துத் தோல் காய்ச்சினார்கள்.
வாரம் முழுக்க நடந்த செய்தி
பத்து நிமிடத்தில் சாம்பல்.
ஒருவன் விரலால் சுண்டிப் பார்த்தான்,
உதட்டைப் பிதுக்கினான், திரும்பவும் நெருப்புக்கே கொண்டுபோனான்.

சிறியது முதலில் தொடங்கியது.
நடுவிலுள்ளது குறுக்கே பேசியது.
பெரியது வந்தபோது தெருவுக்கு அடிவயிறு வந்தது.

கூட்டம் ஒரு தள்ளு தள்ளியது.
நான் அவள் வலப்பக்கம் போய் விழுந்தேன்.
செத்த காதின் பக்கம்.
நான் எட்டு வயதில்
கிறிஸ்துமஸுக்கு முந்தின ராத்திரி
பட்டாசு எறிந்த பக்கம்.

சொல்லிவிட்டேன்.
முரசு இத்தனை உரக்க இருக்கையில்
ஒரு வாக்கியம் எங்கே வெளியில் தெரியப்போகிறது?
அதுவும் அந்தக் காதில்.

திரும்பினாள். "என்ன சொன்னே?"
கால் வலிக்கிறது என்று சொன்னேன்.
"கிழவா" என்று சொல்லி
உள்ளங்கையை வயிற்றில் வைத்துக்கொண்டு
முரசுக்காரர்களின் பின்னாலேயே நடந்தாள்.
ஆடவில்லை. நடந்தாள், அவ்வளவுதான்.
குதிகால் மட்டும்
தனக்குத் தெரிந்ததைச் செய்தது.
நான் கூட்டத்தைச் சுற்றி ஓடிப்போய்
மறுபடி இடப்பக்கம் சேர்ந்துகொண்டேன்.

திரும்பும் பேருந்தில்
அவளுக்கு ஜன்னல், அவள் இடப்பக்கம் நான்.
தூராஸ்னோ தாண்டியிருக்கும். விளக்கணைத்திருந்தார்கள்.
முன் இருக்கையில் யாரோ ஆரஞ்சு உரிக்கும் வாசனை.
தூங்கிவிட்டாள் என்றிருந்தேன்.

"அந்தத் தீப்பெட்டி" என்றாள்,
"அடுப்பங்கரையிலேர்ந்து எடுத்தாந்து
உன் பையில போட்டது யாருன்னு நினைச்சே?
ஒருதரம்கூட நீ கேக்கலையே."

வாய் திறந்தேன்.
அதற்குள் அவள்
கேட்கிற காதை என் தோளில் அழுத்திப் படுத்துவிட்டாள்.

அவள் சட்டைக் கையில்
மஞ்சள்கரு காய்ந்து மொடமொடத்தது.
தோளை அசைக்காமல்
ஊர் வரும்வரை உட்கார்ந்திருந்தேன்.